வீட்டுக் கல்வியில் ஆங்கில இலக்கணம்: எந்தக் குழந்தைக்கு எந்தப் புத்தகம்?

வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்துவிட்டு ஆங்கில இலக்கணத்துக்குப் பாடத்திட்டம் தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்களாகவே இருக்கும். அமெரிக்காவில் 1993-க்குள் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. அந்தப் பெற்றோருக்கென்றே எழுதும் பதிப்பகங்கள் பல வளர்ந்தன. ஆசிரியர் கையேடு, விடைத்தொகுப்பு, தினசரி அட்டவணை எல்லாம் ஒரே கட்டாகக் கிடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. உடனே வாங்கிவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் பல உண்மையிலேயே நல்ல புத்தகங்கள். ஆனால் அவை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்காக எழுதப்பட்டவை. 'த பாய் ரேன் குவிக்லி' என்ற வாக்கியத்தைக் கொடுத்து, எது பெயர்ச்சொல், எது வினைச்சொல், எது வினையடை என்று கேட்பார்கள். 'ரன்' எப்படி 'ரேன்' ஆனது என்று அந்தப் புத்தகம் விளக்கிக்கொண்டிருக்காது. அமெரிக்கக் குழந்தை அதை நான்கு வயதிலேயே வாயால் சொல்லிவிடும். தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கோ அந்த இடத்தில்தான் உதவி தேவைப்படுகிறது. பெயர் சூட்டும் இலக்கணம் ஒன்று, வாக்கியம் அமைக்கக் கற்றுத்தரும் இலக்கணம் இன்னொன்று. நம் குழந்தைக்கு இப்போது எது வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது முக்கியமாக இதைத்தான்.

முதல் வேலை: குழந்தையின் ஆங்கிலத்தைக் கேட்டுப் பாருங்கள்

இதற்கு எந்தத் தேர்வுத்தாளும் வேண்டாம். பேச்சில் தொடங்குங்கள். நேற்று என்ன நடந்தது, தினமும் காலையில் என்ன செய்கிறாய், நாளைக்கு எங்கே போகப்போகிறோம் என்று மூன்று கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டுக் குழந்தையைப் பேச விடுங்கள். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இடையில் திருத்தாதீர்கள், திருத்தினால் குழந்தை பேச்சைச் சுருக்கிக்கொள்ளும், உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. அடுத்து, புதிய கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லி, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் கேட்பதுதான் முக்கியம். அப்போதுதான் புரிந்ததா, வெறுமனே வாசித்ததா என்று தெரியும். கடைசியாக, ஆறேழு வரிகள் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளில் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

என் மகள் ஒன்பது வயதில் எழுதிய தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று வரிகள்: 'எஸ்டர்டே மை கிராண்ட்மதர் ஹாஸ் கம். ஷி இஸ் ஹேவிங் பிக் பேக். ஐ ஆஸ்க்ட் வேர் இஸ் மை கிஃப்ட்.' எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்று வரிகளிலும் தமிழ் உள்ளே நிற்கிறது. தமிழில் 'நேற்று பாட்டி வந்திருக்கிறார்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹாஸ் கம்' வராது, 'கேம்' என்றுதான் வர வேண்டும். 'வைத்திருக்கிறார்' என்பதுதான் 'இஸ் ஹேவிங்' ஆகியிருக்கிறது. 'பிக் பேக்' என்பதற்கு முன்னால் வர வேண்டிய 'எ' காணவில்லை, ஏனென்றால் தமிழில் 'பெரிய பை' என்று சொன்னாலே போதும். மூன்றாவது வரியில், பாட்டியிடம் கேட்ட கேள்வியை அப்படியே வாக்கியத்துக்குள் வைத்திருக்கிறாள். 'வேர் மை கிஃப்ட் வாஸ்' என்று அது மாற வேண்டும்.

இவை கவனக்குறைவால் வரும் தவறுகள் அல்ல. தமிழில் சரியாக யோசிக்கத் தெரிந்த குழந்தை செய்யும் தவறுகள். ஆகவே திட்டுவதில் பயனில்லை. அந்த இடங்களைக் குறிவைத்துப் பயிற்சி கொடுக்கும் புத்தகம்தான் வேண்டும். பஸ்ஸில், சென்னையில், மேஜையில், வீட்டில் என்று நாம் ஒரே 'இல்' உருபால் சொல்லி முடித்துவிடுவதை ஆங்கிலம் 'ஆன் த பஸ்', 'இன் சென்னை', 'ஆன் த டேபிள்', 'அட் ஹோம்' என்று பிரிக்கிறது. இதையெல்லாம் ஆங்கிலத் தாய்மொழிக் குழந்தைக்கான புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

கேட்டும் படித்தும் எழுத வைத்தும் பார்த்த பிறகு உங்கள் குழந்தை ஏறக்குறைய மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பது தெரியும். ஆங்கிலம் காதில் அதிகம் விழாத குழந்தை, கேட்டதைப் புரிந்துகொண்டாலும் சொந்தமாக மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்லத் திணறும். அடுத்த நிலைக் குழந்தை சரளமாகப் பேசும், படிக்கும். ஆனால் மேலே சொன்னதுபோல் தமிழ் அச்சில் வார்க்கும். நகரத்து வீடுகளில் இவர்கள்தான் அதிகம். மூன்றாவது, வெளிநாட்டில் வளர்ந்து திரும்பியதாலோ வீட்டில் பெற்றோர் ஆங்கிலத்திலேயே பேசுவதாலோ ஆங்கிலம் இயல்பாக வந்துவிட்ட குழந்தை. அமெரிக்கப் பாடத்திட்டம் அப்படியே பொருந்துவது இந்த மூன்றாவது குழந்தைக்கு மட்டும்தான்.

எட்டு வயதுக்குள் இலக்கணப் புத்தகம் வேண்டாம்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வயதில் பணத்தையும் நேரத்தையும் கதைகளில் செலவிடுங்கள். ஆங்கிலம் காதில் விழாத குழந்தைக்கு இலக்கண விதி எதன்மேல் போய் உட்காரும்? தினமும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகப் படிக்கலாம். முதலில் தமிழில், மறுநாள் அதையே ஆங்கிலத்தில் என்று வைத்துக்கொண்டால், பொருள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் குழந்தையின் கவனம் முழுவதும் மொழியின்மேல் போகும்.

ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சொன்ன இரண்டு பழக்கங்கள் நம் குழந்தைகளுக்கு மிகவும் பொருந்துகின்றன. ஒன்று, நல்ல வாக்கியம் ஒன்றைப் பார்த்து அழகாக எழுதுவது. மற்றொன்று, முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்ட பத்தியைச் சொல்லக் கேட்டு எழுதுவது. பெரிய எழுத்து எங்கே, முற்றுப்புள்ளி எங்கே, 'எ' எங்கே, 'த' எங்கே என்பதெல்லாம் கை வழியாகவே உள்ளே போகும்.

இதே காலத்தில் இன்னொன்றும் செய்யலாம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், பெயர்ச்சொல், வினைச்சொல் ஆகியவற்றைத் தமிழில் கற்றுக்கொடுத்துவிடுங்கள். 'முருகன் மாம்பழம் தின்றான்' என்பதில் யார், என்ன, என்ன செய்தான் என்று பிரிக்கத் தெரிந்த குழந்தைக்கு 'சப்ஜெக்ட்', 'ஆப்ஜெக்ட்', 'வெர்ப்' என்ற பெயர்களைப் பிறகு ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கருத்தை ஒருமுறை தெரிந்த மொழியில் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். கூடவே வேறுபாட்டையும் காட்டுங்கள்: தமிழில் 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்பது தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் 'ஐ' இல்லாமல் 'கேம்' நிற்காது.

கடையில் உள்ளவை

முதலிலும் இரண்டாவதாகவும் சொன்ன குழந்தைகளுக்கு, பத்து வயது தாண்டியிருந்தால், நான் தயங்காமல் சொல்வது ரேமண்ட் மர்ஃபியின் புத்தகத்தை. சிவப்பு அட்டை போட்ட தொடக்கநிலைப் புத்தகம் கேம்பிரிட்ஜ் வெளியீடாக 'எசென்ஷியல் இங்கிலீஷ் கிராமர்' என்ற பெயரில் குறைந்த விலை இந்தியப் பதிப்பாகவே கிடைக்கிறது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, கடைசியில் விடைகள். ஒரு பாடம் இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடும். 'ஹாஸ் கம்' எப்போது, 'கேம்' எப்போது என்ற கேள்விக்கு அது அடுத்தடுத்த பாடங்களில் பொறுமையாக இடம் ஒதுக்குகிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். குறையும் உண்டு. அது பெரியவர்களுக்கான புத்தகம். எடுத்துக்காட்டுகளில் அலுவலகமும் விடுமுறைப் பயணமும்தான் வரும். சிறு குழந்தைக்குச் சலிப்பு தட்டும். எல்லாப் பாடங்களையும் வரிசையாகப் போடாமல், நீங்கள் பத்திரப்படுத்திய அந்தத் தாளில் என்ன தவறு இருக்கிறதோ அதற்குரிய பாடத்தை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

ஜெஸ்ஸி வைஸ் எழுதிய 'ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் லெசன்ஸ்' தொடக்க வகுப்புகளுக்கானது. பெற்றோர் என்ன சொல்ல வேண்டும், குழந்தை என்ன பதில் சொல்லும் என்று ஒரு நாடகம்போல் வரிவரியாக எழுதியிருப்பார்கள். வரையறைகளை மனப்பாடம் செய்வது, சிறு கவிதைகள், கதையைத் திருப்பிச் சொல்வது எல்லாம் உண்டு. தன் ஆங்கிலத்தின்மேல் நம்பிக்கை குறைவாக உள்ள பெற்றோருக்கு இப்படி வரிவரியாக எழுதித் தந்திருப்பது பெரிய துணை. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் 'என்னால் ஆங்கிலம் கற்பிக்க முடியுமா' என்று தயங்குகிறார்கள். முடியும். அதற்கென்றே எழுதப்பட்ட புத்தகம் இருக்கும்போது தாராளமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். குழந்தையோடு நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் இந்தத் தொடரின் மூன்றாம் புத்தகத்திலிருந்து வாக்கியத்தைக் கோடுகளாக வரைந்து பிரிக்கும் முறை வரும். 1877-இல் ரீட், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் தங்கள் பாடநூலில் பரப்பிய முறை அது. கிடைக்கோட்டில் எழுவாயும் வினையும், கீழே சாய்கோடுகளில் அடைமொழிகள். புதிர் பிடிக்கும் குழந்தைகள் சிலர் இதை மிகவும் விரும்புவார்கள். மற்றவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டிய அவசியமில்லை.

வாண்டா ஃபிலிப்ஸின் 'ஈஸி கிராமர்' வேறு வழியில் போகிறது. 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற முன்னிடைச்சொற்களை (ப்ரெபொசிஷன்) முதலில் மனப்பாடம் செய்யவைத்து, வாக்கியத்தில் அந்தத் தொடர்களை அடித்துவிட்டு, மிச்சத்தில் எழுவாயையும் வினையையும் கண்டுபிடிக்கச் சொல்லும். நீளமான வாக்கியத்தைக் கண்டு மிரளும் குழந்தைக்கு இந்த உத்தி நன்றாக உதவும். 'இன்', 'ஆன்', 'அட்' எங்கே வரும் என்பதை மட்டும் நீங்கள் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

இரண்டாம் நிலையிலும் மூன்றாம் நிலையிலும் உள்ள பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 'ஃபிக்ஸ் இட்! கிராமர்' பிடிக்கிறது. ஒரு தொடர்கதையிலிருந்து தினமும் சிறு பகுதி, அதில் திருத்த வேண்டிய பிழைகள், திருத்தியபின் குறிப்பேட்டில் அழகாக எழுதுவது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த வரியில் கதை என்ன ஆகும் என்ற ஆவல் குழந்தையைக் கூட்டிப்போகும். ராட் அண்ட் ஸ்டாஃப் என்ற பதிப்பகத்தின் பாடநூல்கள் மிகக் கறாரானவை, முழுமையானவை. மெனோனைட் கிறிஸ்தவர்கள் வெளியிடுவதால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பெரும்பாலும் விவிலியத்தையும் பண்ணை வாழ்க்கையையும் சார்ந்தவை. அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று மாதிரிப் பக்கங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரென் அண்ட் மார்ட்டின்? தாத்தா காலத்துப் பிரதி வீட்டு அலமாரியில் இருக்கும், அதையே எடுத்துக்கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். 1930-களில் வந்த புத்தகம், இன்றும் நம்பகமானது. சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கும் நூலாக, பதின்மூன்று பதினான்கு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக் குழந்தையின் முதல் இலக்கணப் புத்தகமாக அது வேண்டாம்; விதி, விதிவிலக்கு, உட்பிரிவு என்று அடுக்கிக்கொண்டே போவதில் குழந்தைக்கு ஆங்கிலமே கசந்துவிடும்.

செலவு செய்ய வழியில்லை என்றால் என்சிஇஆர்டி பாடநூல்களும் தமிழ்நாடு அரசுப் பாடநூல்களும் அவரவர் இணையதளங்களில் இலவசம். இலக்கணம் அவற்றில் பாடத்துக்குப் பாடம் சிதறிக் கிடக்கும். வாசிப்புக்கு அவற்றையும் இலக்கணத்துக்கு மர்ஃபியையும் வைத்துக்கொண்டால் குறைந்த செலவில் நிறைவான பாடத்திட்டம் அமைந்துவிடும். சென்னையில் இருப்பவர்கள் மூர் மார்க்கெட் வளாகத்தின் பழைய புத்தகக் கடைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

பல பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இலவசமாகத் தருகின்றன. இரண்டு மூன்றை அச்செடுத்து, குழந்தையோடு உட்கார்ந்து இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். முதல் பக்கத்தை எடுக்காதீர்கள். முதல் பக்கம் எல்லாப் புத்தகத்திலும் எளிது. நடுவிலிருந்து எடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது குழந்தை எத்தனை மதிப்பெண் எடுத்தது என்பதை விட, பயிற்சியில் சரியாக எழுதியதை மறுநாள் சொந்த வாக்கியத்தில் பயன்படுத்துகிறதா என்பதை. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு, கடிதம் எழுதும்போது பழையபடி 'ஐ ஆம் ஹேவிங்' என்று எழுதினால், அந்தப் புத்தகம் அந்தக் குழந்தைக்கு இன்னும் வேலை செய்யவில்லை. விடைத்தொகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். விடை மட்டும் போதாது, ஏன் அந்த விடை என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். மாலையில் அலுப்போடு திருத்த உட்காரும்போது அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியும்.

தினசரி நடைமுறை

வாரத்தில் நான்கு நாள், நாளுக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். மிச்ச நேரம் வாசிப்புக்கு. ஒரு குறிப்பேட்டில் குழந்தை திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தவறைத் துரத்துங்கள். இந்த மாதம் 'எ', 'த' என்றால் எழுத்தில் அதை மட்டும் திருத்துங்கள், மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுங்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்த தாளைப் பார்த்து எந்தக் குழந்தையும் நன்றாக எழுதக் கற்றதில்லை.

எந்தப் புத்தகம் வாங்கினாலும் அதோடு ஒரு பயிற்சியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிறு வாக்கியங்களை இணைப்பது. அமெரிக்காவில் 2007-இல் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் ஆகியோர், 4 முதல் 12-ஆம் வகுப்பு வரை எழுத்துக் கற்பித்தல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இலக்கண விதிகளைத் தனியாகக் கற்பிப்பது எழுத்தை மேம்படுத்தவில்லை, வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி மேம்படுத்தியது என்பது அவர்கள் கண்டது. வீட்டில் இதைச் செய்வது மிக எளிது. பானையும் காகமும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'த க்ரோ வாஸ் தர்ஸ்டி', 'இட் சா எ பாட்', 'த பாட் ஹேட் லிட்டில் வாட்டர்' என்று மூன்று துண்டுகளை எழுதிக்கொடுத்து, ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். ஒரு குழந்தை 'அண்ட்' போட்டு ஒட்டும். இன்னொரு குழந்தை 'த தர்ஸ்டி க்ரோ சா எ பாட் விச் ஹேட் லிட்டில் வாட்டர்' என்று எழுதும். இரண்டையும் உரக்கப் படித்து, எது காதுக்கு நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். 'விச்' என்ன வேலை செய்கிறது என்பதை அந்த இடத்தில் சொன்னால், விதியை எழுதிக்கொடுத்துப் படிக்கச் சொல்வதைவிட நன்றாக நிற்கும்.

தேர்வைப் பற்றிய கவலை

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒருநாள் வேண்டும் என்பதால் பலர் ஆறு வயதிலேயே பயந்து இலக்கணத்தைத் திணிக்கிறார்கள். பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்ஐஓஎஸ்) பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேரக் குறைந்தபட்ச வயது 14. ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. பாடப்புத்தகங்களை அதன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வைத் தனித்தேர்வராக எழுத நினைப்பவர்களுக்கு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எடுக்கும் தாளில் படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது ஆகியவைதான் சோதிக்கப்படுகின்றன. இலக்கணத்துக்கென்று தனிப்பகுதி கிடையாது. எந்தத் தேர்வானாலும் 12 அல்லது 13 வயதில் முந்தைய வினாத்தாளை எடுத்துப் பார்த்து, அதில் உள்ள கேள்வி வகைகளைப் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் நேரம் தாராளமாக இருக்கும்.

அதற்கு முன்பே குழந்தை எங்கே நிற்கிறது என்று வெளியார் ஒருவர் சொல்லிக் கேட்க விரும்பினால், கேம்பிரிட்ஜ் சிறுவர் தேர்வுகள் மூன்று உள்ளன: ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃபிளையர்ஸ். தேர்ச்சி, தோல்வி என்பது அவற்றில் இல்லை. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து கேடயச் சின்னங்கள் வரை தருவார்கள். மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைப்பதால், தேர்வுக்குப் பணம் கட்டாமல் வீட்டிலேயே நடத்திப் பார்த்தாலும் போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தவறுகள் அப்படியே இருந்தால் புத்தகத்தை மாற்றுங்கள். பாதியில் நிறுத்தியதற்காக வருந்த வேண்டாம், தம்பிக்கோ தங்கைக்கோ அது பொருந்தலாம். பழைய தவறுகள் போய்ப் புதிய தவறுகள் வந்திருந்தால் புத்தகத்தை மாற்றாதீர்கள். குழந்தை முன்பு தொடாத பெரிய வாக்கியங்களை முயன்று பார்க்கிறது என்று பொருள். அந்தப் புதிய தவறுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.